ஒளிந்துகொள்ளும் பாடம்

தரம் மூன்றுக்கு விலங்குகளின் இசைவாக்கம் படிப்பித்த வாரத்தில், பனிக்கரடியில்தான் எல்லாம் தொடங்கியது. கரும்பலகைக்கு மேலே நான் ஒட்டியிருந்த படங்களில் பனிக்கரடி, ஒட்டகம், பென்குயின் எல்லாம் இருந்தன. குளிருக்குத் தடித்த ரோமம், பாலைவனத்துக்குத் திமில் என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், பனிக்கரடி ஐஸ்கிரீம் வேனுக்குள்ள இரிந்தா சாகாதா?"

வகுப்பு அவனுடைய கேள்வியைப் பிடித்துக்கொண்டது. வேன் மாத்தளை டவுனில் நின்றால் என்ன ஆகும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எனக்கு வியர்த்தது. சத்தம் பாடசாலை அதிபரின் அறைவரை போயிருக்குமே என்ற பயம். நான் எப்போதும் இப்படித்தான். வகுப்பில் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒரே பாடத்துக்குள் பல தடவை தலைகளை எண்ணுவேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிலையம் வரை வந்தவள், பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்த நாட்களும் உண்டு.

எங்கள் பாடசாலை அலுவிகாரைக்குச் சற்று முன்னால், தம்புள்ளை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. சின்னப் பாடசாலை. பிள்ளைகளில் அநேகமானோர் சுற்றுவட்டார முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் டவுனில் கோயில் வீதியில் பிறந்து வளர்ந்தவள். மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இருந்த கூச்சத்தையெல்லாம் அந்தப் பிள்ளைகள் சில வாரங்களிலேயே போக்கிவிட்டார்கள். பயத்தைத்தான் போக்க முடியவில்லை.

பனிக்கரடியை விட்டுவிட்டு, கண்ணால் காணக்கூடிய ஒன்றைக் காட்டலாம் என்று நினைத்தேன். முற்றத்துக் கொய்யா மரத்தில் இலைப்பூச்சி ஒன்று இருப்பதை முந்தின நாள் கண்டிருந்தேன். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய் மரத்தடியில் நிறுத்தி, "இதில ஒரு பூச்சி இருக்கு, கண்டுபிடிங்க" என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கிளையைப் பிடித்து விரலால் காட்டிய பிறகும், "எங்க டீச்சர், எங்க டீச்சர்" என்று அந்தப் பூச்சியையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் அது ஒரு காலை எடுத்து வைத்தது. அவ்வளவு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலில் எனக்கும் ஒரு துணிச்சல் வந்துவிட்டது.

"நாளைக்கு நீங்க எல்லாரும் ஒளியப் போறீங்க" என்றேன். "நான்தான் பருந்து."

மறுநாள் இடைவேளை முடிந்ததும் வெளியே இறக்கினேன். முன்வாசல் படலையைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்துக்கொண்டேன். பின்பக்கக் கம்பி வேலிக்குக் கிட்டப் போகக் கூடாது, கட்டடத்துக்குள் ஏறக் கூடாது என்று சொன்னேன். பிறகு அவர்களுடைய உடுப்பைப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் வெள்ளைச் சீருடை. பெண் பிள்ளைகளுக்குத் தலையில் போடுவதும் வெள்ளை. "பச்சை மரத்துக்குப் பின்னால நின்னா பருந்துக்குத் தெரியுமா, தெரியாதா? யோசிச்சு ஒளியுங்க. ஓடுறது தெரிஞ்சா பருந்து தூக்கிட்டுப் போயிரும். அசையாம இருந்தா தப்பிக்கலாம். யார் கூப்பிட்டாலும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து தேடத் தொடங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மரத்துக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் அகப்பட்டார்கள். இரண்டு பேர் சுண்ணாம்பு பூசிய மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்கள். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டால் மற்றவர்களுக்கும் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அகப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினேன். ஒன்று குறைந்தது.

மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது.

குறைந்தது யார் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அந்தத் தவணையில்தான் கலேவெலவுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த சிறுமி அவள். ஜன்னலோரம் கடைசி வாங்கில் இருப்பாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள். கொப்பியில் எல்லாம் சரியாக எழுதியிருப்பாள்.

"சரி, போதும், வெளிய வாங்க. நீங்கதான் வென்றீங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. முற்றத்தைச் சுற்றி வந்து கூப்பிட்டேன். பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள். கொய்யா மரம், தாங்கி, படிக்கட்டு, மலசலகூடம், அதன் பின்னால் காய்ந்த இலைகளை நிரப்பி அடுக்கியிருந்த உரப்பைகள், மதில் மூலை என்று எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கும் இல்லை. அப்போதுதான் பின்பக்க வேலிக்குப் போனேன். ஓரிடத்தில் கம்பி வளைந்திருந்தது. நாய்கள் புகுந்து புகுந்து வளைந்தது. ஒரு சிறு பிள்ளையும் புகலாம்.

வேலிக்கு அப்பால் கொக்கோத் தோட்டம். அதற்குக் கீழே ஓடை. முந்தின இரண்டு நாளும் மலைப்பக்கம் மழை.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்தார். என் பிள்ளைகளையும் படலைச் சாவியையும் அவரிடம் விட்டுவிட்டு வேலிக்குள் புகுந்தேன். சேலை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கொக்கோ இலைகள் காலடியில் சறுக்கின. வாட்ஸ்அப்பில் அந்த வாரம் முழுவதும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கும் வேன் ஒன்று தம்புள்ளை வீதியில் திரிகிறது என்று ஒரு பெண் அழுதுகொண்டே சொல்லும் பதிவு. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஓடும்போது அந்தப் பெண்ணின் குரல்தான் காதுக்குள் கேட்டது.

ஓடைக்கரைக்கு வந்தேன். தண்ணீர் மண்ணிறமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே இரண்டு கற்களுக்கு இடையில் வெள்ளையாக ஏதோ மாட்டிக்கொண்டு ஆடியது.

எப்படித் தண்ணீருக்குள் இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர். கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தேன். துணிதான் வந்தது. இடுப்பில் கட்டும் பழைய சாரத்தின் துண்டு, யாரோ எறிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அழுகைகூட வரவில்லை. அடுத்த கல்லுக்கும் அதற்கடுத்த கல்லுக்கும் இடையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது நல்லதா கெட்டதா என்று விளங்கவில்லை.

திரும்பி மேலே வந்தபோது பாடசாலையே வெளியே நின்றது. அதிபர் வகுப்பு வகுப்பாகப் போய் மேசைகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய கோலத்தைக் கண்டதும் அவருடைய முகம் வெளுத்தது.

"டீச்சர், ஆத்துலயா?"

"இல்ல சேர். அங்க இல்ல. இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"பதறாதீங்க. பிள்ளையோட உம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். ரோட்டுப் பக்கம் கடைக்காரங்க பாக்கறாங்க" என்றார்.

அதற்குள் ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆண்கள் தோட்டத்துக்குள் இறங்கி உரத்த குரலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். இன்னும் யாரோ கிணற்றைப் பார்க்கச் சொல்லிக் கத்தினார்கள். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். நான் பார்த்த இடங்களையே மறுபடி மறுபடி போய்ப் பார்த்தேன். மலசலகூடத்துக்குப் பின்னால் மட்டும் எத்தனை தடவை போனேன் என்று தெரியாது. அங்கே நின்று நானும் அடித்தொண்டையில் அவள் பெயரைக் கத்தினேன்.

அவளுடைய உம்மா திரிவீலில் வந்து இறங்கினார். அலுவிகாரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். உம்மா தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். வாப்பா கலேவெலயில் வயலைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. இறங்கியவர் என் ஈரச் சேலையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு முற்றத்தில் ஓடத் தொடங்கினார். அவரும் கத்தினார். நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம்.

அப்போது கீழேயுள்ள பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தகரச் சத்தம் நின்றது. உம்மா நடக்க முடியாமல் மலசலகூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தார். நான் அவரைத் தாங்கிப் பிடித்தேன். பாங்கு முடிந்தது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த அமைதியில் காய்ந்த இலை நொறுங்கும் மெல்லிய சத்தம் கேட்டது.

உம்மா நிமிர்ந்தார். என் கையை இறுக்கிப் பிடித்தார், நான் பேசிவிடக் கூடாது என்பதுபோல. பிறகு சாதாரணமாக, வீட்டுக்குள் பேசும் குரலில் சொன்னார்.

"போயிட்டு மகள். அது போயிட்டு. இப்ப வெளிய வாங்க."

அடுக்கியிருந்த வெள்ளை உரப்பைகளில் ஒன்று அசைந்தது. இரண்டு பைகளுக்கு நடுவில், மூன்றாவது வெறும் பையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள் அவள். வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பை. நான் கை நீட்டினால் தொட்டிருக்கக்கூடிய தூரம். நான் கத்தியபோதெல்லாம் அவள் தலைக்கு நேரே நின்றுதான் கத்தியிருக்கிறேன்.

உம்மா அவளைத் தூக்கினார். அவளுடைய காற்சட்டை நனைந்திருந்தது. அதை மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் உம்மா தன் சால்வையை எடுத்துச் சுற்றினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் விளையாடிக்கொண்டு இருக்கவில்லை.

அதிபரின் அறையில் எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. அவள் உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். உம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கலேவெலயில எங்கட வூடு காட்டோரம் டீச்சர். யான வந்தா ஊர் ஆக்கள் கத்துவாங்க, டின் தட்டுவாங்க, வெடி போடுவாங்க. அந்த நேரத்துல புள்ளைகள் வாய் தொறக்கப்படாது. ஆரு பேர் சொல்லிக் கூப்புட்டாலும் வரப்படாது. நான் வந்து, 'அது போயிட்டு' எண்டு சொன்னாத்தான் வரணும். அப்புடித்தான் பழக்கி வெச்சேன்."

"இங்க யானை இல்லையேம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இல்லதான். ஆனா நீங்க எல்லாரும் கத்தினீங்களே."

அந்த வருஷம் ஒரு யானை அவர்கள் சமைக்கும் குசினியின் சுவரை இடித்து, தும்பிக்கையை உள்ளே விட்டு நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போனதாம். பிள்ளை பக்கத்து அறையில் கட்டிலுக்கு அடியில் இருந்தாளாம். அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. அதனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பாடசாலையில் சேர்க்கும்போது இதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர்கள் போன பிறகு அதிபர் காலிக் கோப்பைகளை ஒதுக்கி வைத்தார். "நல்ல பாடம்தான் டீச்சர்" என்றார். "ஆனா இனி வகுப்புக்குள்ளயே செய்ங்க." நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய்க் கிழிந்த சேலையை அலசிக் காயப் போட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவார்களோ, உம்மா முறைப்பாடு செய்யக் கல்விக் கந்தோருக்குப் போய்விடுவாரோ என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பயத்துக்காக வெட்கமாகவும் இருந்தது. பாடசாலை விட்டதும் தோடம்பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன்.

உம்மா தையல் மெஷினை ஒதுக்கிவிட்டு எனக்குக் கதிரை போட்டார். அவள் பாயில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். நான் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். அவள் தானாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பருந்துக்கு நான் அம்புடல்லதானே டீச்சர்?"

"இல்ல. அம்புடவே இல்ல."

"அப்ப நான்தானே வெண்டேன்?"

உம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கண் நிறைந்துவிட்டது. "நீங்கதான் வென்றீங்க" என்றேன். "ஆனா ஸ்கூல்ல நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா, இனி எங்க இருந்தாலும் வந்துரணும். சரியா?"

யோசித்துவிட்டு, "சரி" என்றாள்.

அடுத்த வாரம் வந்தாள். தினமும் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவளுடைய பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிடுவேன். முதல் தடவைக்குப் பதில் வராது. இரண்டாவது தடவைக்கு உதடு அசையும். நாள் போகப் போகச் சத்தம் வந்தது.

வாழிடங்கள் பற்றிய பாடத்தில் ஒருநாள் யானையின் படத்தை மாட்டினேன். மாட்டலாமா வேண்டாமா என்று முந்தின நாள் முழுவதும் குழம்பியிருந்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தவிர்க்க முடியாது. யானைக்கு ஏன் பெரிய காது, ஏன் தும்பிக்கை என்று பிள்ளைகள் சொன்னார்கள். கால் ஏன் அவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று கேட்டேன். பாரம் தாங்க என்று ஒருவன் சொன்னான். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யான நடந்தாச் சத்தம் கேக்காது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பொய்" என்றான் ஐஸ்கிரீம் வேனைப் பற்றிக் கேட்டவன். "அவ்வளவு பெரிசு!"

"பொய்யில்ல. கால் மெத்தை மாதிரி. வவுறு இரையிறதுதான் கேக்கும். மத்தது மூச்சு."

"ஏன் வூட்டுக்கு வருது?"

"பசிக்கி" என்றாள். கேட்டவனை ஒரு விவரம் தெரியாத ஆளைப்போலப் பார்த்தாள். வகுப்பு அவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டது. மணி அடிக்கும்வரை நான் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வியில் அவள் உடைந்துவிடுவாளோ என்று. அவள் உடையவில்லை.

வருஷக் கடைசியில் உம்மா பாடசாலைக்கு வந்தார். திரும்பிக் கலேவெலவுக்கே போகிறோம் என்றார். வாப்பா தனியாகக் கஷ்டப்படுகிறார், ஊரைச் சுற்றி மின்சார வேலி போட்டிருக்கிறார்கள், பிள்ளையும் இப்போது நன்றாகப் பேசுகிறாள் என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பெயர் சொன்னால் எழுந்து வா, உரக்கப் பதில் சொல் என்று மாதக்கணக்கில் நான்தான் அவளைப் பழக்கியிருந்தேன். அவள் போகப் போகிற வீட்டில் அந்தப் பழக்கம்தானே ஆபத்து? இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. என் வீட்டுக்காரர், "நீ அந்தப் பிள்ளையோட பேசிட்டு வந்துரு, இல்லாட்டி எனக்கும் சோறு இறங்காது" என்றார்.

கடைசி நாள் அவளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் கூப்பிட்டா வரணும்னு சொன்னேனே, அது ஸ்கூலுக்குத்தான். ஊருக்குப் போனா உம்மா சொல்ற மாதிரிதான் செய்யணும். கத்தினாலும், பேர் சொன்னாலும்..."

"தெரியும் டீச்சர்" என்று இடையிலேயே சொன்னாள். "ஸ்கூலுக்கு யான வராதே."

அவ்வளவுதான். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. விளையாடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு என் போனில் கலேவெல என்ற பெயரோடு வரும் செய்தியையெல்லாம் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. யானை என்று ஒரு வரி இருந்தால் உம்மாவுக்குப் போன் எடுப்பேன். "டீச்சர், நீங்க பயந்து எங்களையும் பயப்படுத்துறீங்க" என்று அவர் சிரிப்பார். அண்மையில் ஒரு காலையில் அப்படி ஒரு செய்தி பார்த்துவிட்டு எடுத்தேன். பதில் இல்லை. முதலாம் பாடம் முடிந்து எடுத்தேன். பதில் இல்லை. இடைவேளையில் மூன்று தடவை எடுத்தேன். புது வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது.

மதியத்துக்குக் கிட்ட அவரே எனக்கு எடுத்தார். பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"வயல்ல இரிந்தேன் டீச்சர். போன் வூட்ல கெடந்து இப்பதான் கைக்கு வந்திச்சி. நெல்லு சூடடிக்கிறோம்."

"பிள்ள?"

"ஸ்கூலுக்குப் போயிட்டா. செய்தி வந்தது வேற ஊர். எங்கட பக்கம் இந்த முற வரல்ல. நெல்லு வெட்டி முடிஞ்சிட்டுதானே. இனி அடுத்த போகத்துக்குத்தான் பாக்கணும்."

அடுத்த போகம் எப்போது விளையும் என்று கேட்டேன். சொன்னார். சரி என்று போனை வைத்தேன். ஆசிரியர் அறைச் சுவரில் இருந்த கலண்டரில் அந்த மாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.